தண்ணீர் குடிக்கும் வேட்டி

அப்பா வாவிக்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் வாயே திறப்பதில்லை. பின்னேரம் ஆனதும் அம்மா குசினிக்குள் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைப்பார், அவ்வளவுதான்.

கண்டி வாவிக்கு மேலே, அம்பிட்டிய போகும் வீதியின் சரிவில் எங்கள் வீடு. அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க எழுதுவினைஞராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம் பின்னேர நடை ஒன்றுதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், கையில் குடை. வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு பெரிய மரத்துக்குக் கீழே கிடக்கும் நீள மர வாங்கில் தன் கூட்டாளியோடு இருந்து நாட்டு நடப்பைப் பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். கூட்டாளி அலவத்துகொடைக்காரர். டவுனில் புடவைக்கடை வைத்திருந்து அதை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு, கடையைப் பார்க்கிற சாட்டில் நாளாந்தம் பஸ் ஏறிக் கண்டிக்கு வருகிறவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் நானா. அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார், இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்றாலும்.

பிறகு அப்பாவுக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் சத்திரசிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது, வருத்தமும் போனது. போகிறபோது ஒரு கரைச்சலை விட்டுவிட்டுப் போனது. இருமினால், தும்மினால், படி இறங்கினால் அவரை அறியாமலே சலம் சொட்டியது. கொஞ்சக் காலம் எடுக்கும், பயிற்சி செய்யுங்கள் என்றார் டொக்டர். அப்பா பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். ஆனால் கேற்றைத் தாண்டவில்லை. வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஊருக்கே தெரியும். கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு போகலாமே என்று அம்மா கேட்டதற்கு, இத்தனை காலமும் வேட்டியோடு போனவன் திடீரென்று காற்சட்டையோடு போனால் ஏன் என்று கேட்க மாட்டார்களா என்று திருப்பிக் கேட்டார்.

அம்மா ஒருநாள் டவுனுக்குப் போய், பெரியவர்கள் கட்டுகிற அணையாடைப் பொதி ஒன்றை வாங்கி, கறுப்புப் பைக்குள் இன்னொரு கறுப்புப் பை வைத்துச் சுற்றி, ஏதோ கள்ளக் கடத்தல் செய்கிறவர் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்றார். பொதி அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் கொஞ்ச நாள் நானா தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார், பொய் சொல்ல வேண்டும், அப்பாவுக்குப் பொய் வராது. தொலைபேசி மேசையில் கிடந்து அடித்து ஓய்வதை அவர் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அழைப்பும் நின்றுவிட்டது. "நானாவுக்குக் கோவம் போலை" என்று ஒருநாள் தனக்குத்தானே சொன்னதை நான் கேட்டேன். வாவி வீட்டு வாசலிலிருந்து தெரிகிறது. இந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார் என்றால் எப்படி இருக்கும்?

நான் அப்போது பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என்ன ஆய்வு என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் வைத்திருந்த விளக்கம் இதுதான். பருத்தி, கடதாசி, வாழைநார் எல்லாமே செலுலோசு. அது நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலியின் மேல் வேறொரு சங்கிலியை முளைக்க வைப்பதுதான் என் வேலை. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிற மாதிரி. அடிமரம் பருத்தி, மேலே ஒட்டுவது வேறு சாதி. எதை ஒட்டுகிறோமோ அதன் குணம் பருத்திக்கு வந்துவிடும். நான் ஒட்டிக்கொண்டிருந்த சங்கிலி தண்ணீரைக் கண்டால் விடாது. குடித்துக்கொண்டே இருக்கும், குடித்ததைத் திருப்பித் தராது.

சொந்தக்காரர்கள் "அப்ப எப்ப கலியாணம்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அப்பா மட்டும்தான் தொடர்ந்து கேட்பார். எழுதுவினைஞராக இருந்த ஆளல்லவா, எதையும் ஒழுங்குமுறையாக விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு சங்கிலியும் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டதா, சும்மா பக்கத்தில் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். என் பேராசிரியை ஓயாமல் கேட்கிற கேள்வி அது. கழுவிப் பார்ப்போம், ஒட்டாதது கழுவுப்பட்டுப் போய்விடும், ஒட்டியது நிற்கும் என்றேன். அப்பா தலையாட்டினார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. என் வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். "உங்களுக்கே இதிலை ஒண்டு செய்து தரலாம் அப்பா, வெளியிலை ஒரு சொட்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவ எழும்பிப் போனார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். படித்த பிள்ளைக்கு எதை எங்கே கதைக்கிறதென்று தெரியாதா என்று இரவு முழுக்க முணுமுணுத்தார். அதுவரை வீட்டில் யாரும் சொல்லாததை நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்துவிட்டேன். எனக்கு என் மேலேயே கோபம். ஆனால் சொன்ன விஷயம் பிழையில்லை என்றும் உள்ளே ஒரு குரல் அடம்பிடித்தது.

எங்கள் பேராசிரியை சிங்களப் பெண்மணி. ஆங்கிலத்தில் திட்டுவார், சிங்களத்தில் சிரிப்பார். வடிகட்டுகிற கடதாசியான தூய வடிதாளில் செய்து பார்த்த பரிசோதனைகள் ஓரளவு சரிவந்த பிறகு, இனித் துணியில் செய்து பார் என்றார். கடையில் வாங்குகிற புதுத்துணி வேண்டாம், நெசவாலையில் அதில் மாவும் பசையும் பூசியிருப்பார்கள், வீட்டில் பலகாலம் தோய்த்துத் தோய்த்து மெலிந்த பழைய பருத்தித் துணி கொண்டு வா என்றார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துணி என்றால் அப்பாவின் வேட்டிதான்.

அப்பாவிடம் நேரே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய்க் கேட்டார். அப்பா, கரை கிழிந்ததில் இரண்டை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாராம். பிறகு தானே என் அறை வாசலில் வந்து நின்றார். "ஆராய்ச்சிக்கெண்டால் சரி. எனக்கெண்டு நினைச்சுச் செய்யாதை" என்றார். நான் சரி என்றேன். சொல்லும்போதே அவருக்கென்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை வேட்டி இரண்டும் தோய்த்து, மடித்து, பழைய பத்திரிகையில் சுற்றி என் பைக்குப் பக்கத்தில் இருந்தன. அம்மாவின் வேலை. நான் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் பஸ் பிடிக்க ஓடினேன்.

இந்த வேலையில் மிகப் பெரிய எதிரி காற்று. காற்றில் இருக்கும் ஒட்சிசன் கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் சங்கிலி முளைக்காது. அதனால் குடுவைக்குள் நைதரசன் வாயுவைக் குமிழி குமிழியாக விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். துணியை உள்ளே போட்டு, சீரியம் உப்புக் கரைசலை விட்டேன். அது செம்மஞ்சள் நிறம். அந்த உப்புத்தான் செலுலோசில் கொக்கி போட இடம் பிடித்துக் கொடுக்கும். பிறகு அக்கிரிலிக் அமிலத்தை விட வேண்டும். கொக்கியில் முதல் துண்டு மாட்டும், அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செம்மஞ்சள் மெல்ல வெளிறுவது மட்டும் தெரியும். அன்றைக்கு அது வெளிறிய வேகத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

எல்லாம் முடித்து, கழுவி, சோடாக் கரைசலில் ஊறவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டேன். ஐயோ, அதைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கை அளவு துணி கோப்பையில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, கண்ணாடி மாதிரிக் கூழாக ஊதிப்போய் நின்றது. கோப்பையைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. வடிதாளில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நல்லது, திரும்பச் செய் என்றார். அவர் வாயிலிருந்து நல்லது என்று வருவது மகாவலி கங்கை வற்றுவதை விட அபூர்வம்.

திரும்பச் செய்ய எனக்கு எங்கே பொறுமை? செய்த துணியில் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை மெல்லிய துணிக்கு நடுவில் வைத்துத் தைத்தார். இதைச் சோதித்துப் பார்க்க ஆளில்லை, ஆள் இல்லாவிட்டால் ஆய்வு அரைகுறையாக நிற்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நடிக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆராய்ச்சிக்கு உதவி செய்வது வேறு, அணையாடை கட்டுவது வேறு. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சம்மதித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அதைக் கட்டிக்கொண்டு, மேலே வேட்டி உடுத்து, வாசற்படிக்கும் கேற்றுக்கும் இடையில் ஏறி இறங்கினார். அரசாங்கக் கடமை பார்க்கிற முகம். வேண்டுமென்றே ஒருதரம் இருமியும் பார்த்தார். அம்மாவும் நானும் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கேற்றடியில் திரும்பியவர் அப்படியே நின்றார். காலைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

துணி குடித்ததென்னவோ உண்மை. ஆனால் குடித்து ஊதிய கூழ் துணியில் நிற்கவில்லை. தையல் இடுக்கால் வழுவழு என்று வழிந்து, அவருடைய தொடையால் இறங்கி, முழங்கால் வரை வந்துவிட்டது. வெளியே வந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"றோட்டிலை எண்டால் என் கதி என்ன பிள்ளை? இனி இந்தக் கதை வேண்டாம்."

நான் அறைக்குள் போய் இருந்து அழுதேன். ஒரு மனிதரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, அவர் எதற்குப் பயந்தாரோ அதையே அவருக்குச் செய்துகாட்டியிருக்கிறேன். அதன்பிறகு அவர் வாசலில் போடுகிற கதிரையைக்கூட உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார்.

ஆய்வுகூடத்தில் வேறு கூத்து. திரும்பச் செய் என்று பேராசிரியை சொன்னாரல்லவா, செய்தேன். பேராசிரியை தன் வீட்டுப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் செய்தால் கூழும் இல்லை, ஒன்றும் இல்லை. துணி கொஞ்சம் தடித்தது, கொஞ்சம் தண்ணீர் குடித்தது. நைதரசன் போதவில்லையோ என்று கூட்டிப் பார்த்தேன், உப்பை மாற்றிப் பார்த்தேன், சூட்டை ஏற்றிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் அப்பாவின் இரண்டாவது வேட்டியில் ஒரு கீலம் வெட்டிச் செய்தேன். உடனே கூழ்! எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இந்த மனிதரின் வேட்டியில்?

பேராசிரியை போய் ஒரு சிறு போத்தலோடு வந்தார். வேட்டியின் இன்னும் தொடாத மூலையில் ஒரு துளி விட்டார். அயடீன். மாப்பொருளைக் கண்டால் நிறம் மாறும் என்று பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் விட்டுப் பார்த்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். துளி விழுந்த இடம் கருநீலமாகியது. பேராசிரியை சிங்களத்தில் சிரிக்க ஆரம்பித்தார். வீட்டில் யார் துணி தோய்ப்பது என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், அந்த வேட்டிகளுக்குக் கஞ்சி போட்டீர்களா என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஓம், போட்டனான். பிறகு?" என்றார் அம்மா. "கிழிஞ்சதெண்டாலும் அப்பான்ரை வேட்டி. தொளதொளவெண்டு கொண்டுபோய் அந்தப் பெரிய மனிசியின்ரை மேசையிலை போட்டால், உன்ரை தாய் என்ன பொம்பிளையெண்டு நினைக்க மாட்டாவோ?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நெசவாலை பூசிய மாவு வேண்டாம் என்று பழந்துணி கேட்டால், அந்தப் பழந்துணிக்கு என் அம்மா சோற்றுக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அனுப்பியிருக்கிறார். கஞ்சியும் செலுலோசுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான். சங்கிலி பருத்தியை விட அதில் இன்னும் சுகமாக முளைக்கும், தண்ணீரையும் மொண்டு மொண்டு குடிக்கும். ஆனால் கஞ்சி துணியின் மேலே படிந்து கிடக்கிற சாமான். ஊதினால் உரிந்து வழியாமல் என்ன செய்யும்? நான் இவ்வளவு நாளும் துணியில் ஒட்டவே இல்லை, கஞ்சியில் ஒட்டியிருக்கிறேன். இதையெல்லாம் அம்மாவுக்கு உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டது. அப்பா சிரிக்கிறார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று சிரித்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து கஞ்சியைக் குறை என்று சொல்கிறாராம், ஒருநாளும் கேட்டதில்லையாம், கோயிலில் கும்பிட்டு எழும்பினால் வேட்டி படபடவென்று சத்தம் போடுகிறதாம், ஐயரே திரும்பிப் பார்க்கிறாராம். அம்மா விடுவாரா? மடிப்பு நிற்கவில்லை என்று கலியாணம் முடித்த புதிதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது யார் என்று அகப்பைக் காம்பை நீட்டிக் கேட்டார். அப்பா இன்னும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் முகம் சட்டென்று மாறியது. குனிந்து பார்த்தார். உள்ளே போனார்.

சிரித்தாலும் சொட்டும், அதனால்தான் இவர் இத்தனை மாதமாகச் சிரிக்காமல் இருந்திருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. இனி இவர் வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு சாரம் மாற்றிக்கொண்டு அப்பா திரும்பி வந்தார். விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்தார். மடிப்புக்கு இஸ்திரிக்கை போதும், கஞ்சி எதற்கு என்றார். சண்டை ஓய்ந்த பிறகு என்னைப் பார்த்து, "வேறை வேட்டியும் கிடக்கு. எடு" என்றார்.

இந்தமுறை நான் அவசரப்படவில்லை. வேட்டியைச் சோடாப்பொடி போட்டு அவித்தேன், அலசினேன், திரும்ப அவித்தேன். அயடீன் துளி விழுந்த இடம் நீலமாகாமல் வெறும் மண்ணிறமாகவே நிற்கும் வரை விடவில்லை. வந்த துணியில் கண்காட்சி எதுவும் இல்லை. கூழ் இல்லை, ஊதல் இல்லை. கொஞ்சம் முரடான, கொஞ்சம் தடித்த துணி. தண்ணீர் விட்டால் அமைதியாகக் குடித்தது. பிழிந்தாலும் லேசில் தரவில்லை. உப்புத்தண்ணீர் விட்டால் குடிப்பது வெகுவாகக் குறைந்தது. சலத்தில் உப்பு இருக்கிறது, ஆய்வுகூடத்துத் தூய நீரைக் குடிப்பதை வைத்துத் துள்ளாதே என்றார் பேராசிரியை. அதற்காக ஓர் அடுக்குக்குப் பதில் பல அடுக்கு வைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று இந்தமுறை பேராசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னேன். இது ஆய்வேட்டில் ஒரு வரியிலும் வரக்கூடாது, இது உன் வீட்டு விஷயம் என்றார். ஒட்டாமல் தங்கிய அமிலம் தோலைப் புண்ணாக்கும், அதனால் கழுவிய தண்ணீரில் புரோமீன் விட்டுப் பார், அமிலம் இருந்தால் புரோமீனின் நிறம் போய்விடும், போகாமல் நிற்கும் வரைக்கும் கழுவு, முதலில் உன் தோலில் வைத்துப் பார் என்றார். கழுவிக் கழுவி என் விரல்கள் வெளிறி வதங்கிப்போயின. பிறகு ஒரு துண்டை நனைத்து என் முழங்கையில் கட்டி, மேலே நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு பல நாள் திரிந்தேன். அரிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அம்மா தைத்தார். உள்ளே மெல்லிய பருத்தி, நடுவில் என் துணி அடுக்கடுக்காக, வெளியே பழைய மழைக்கோட்டில் வெட்டிய துண்டு. தைக்கும்போது இதற்குக் கஞ்சி போடவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

அப்பா அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு கிழமை நடந்தார். படி ஏறினார், இறங்கினார், மிளகாய்த்தூளை முகர்ந்து தும்மிக்கூடப் பார்த்தார். ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழும்பியவர் வெள்ளை வேட்டியை உடுத்தார், குடையை எடுத்தார். கேற்றைத் திறக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள்தான் யன்னலுக்குப் பின்னால் நின்று, அவர் வளைவில் மறையும் வரை பார்த்தோம். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் சும்மா சிரித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

வழக்கமாக ஐந்தரைக்கெல்லாம் திரும்பிவிடுகிறவர். அன்று ஆறாகியும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் அது மேசையிலேயே அடிக்கிறது. அம்மாவின் முகம் சுருங்கத் தொடங்கியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாவிக்கு ஓடினேன். முழுச் சுற்றும் சுற்றினேன். அவருடைய வாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். வழிந்துவிட்டது, எங்கேயோ ஒளிந்து நிற்கிறார், இருட்டட்டும் என்று காத்திருக்கிறார் என்று என் மனம் என்னவெல்லாமோ காட்டியது. ஏன்தான் இந்தத் துணியைச் செய்தேன் என்று என்னையே வைதுகொண்டு மேட்டில் ஏறினேன்.

லைற் போட்ட பிறகு கேற்றடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அப்பா இறங்கினார். ஒரு கையில் குடை, மறு கையில் மூடி போட்ட பாத்திரம். வேட்டி வெள்ளையாக இருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

அம்மா அழுகையும் கோபமுமாகப் பிடித்த பிடியில் பாதி ஊருக்குக் கேட்டிருக்கும். அப்பா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார். வாவிக்குப் போனாராம். நானா இல்லையாம். பக்கத்தில் கடலைக்காரனைக் கேட்டால், நீங்கள் வராமல் நின்ற கொஞ்ச நாளிலேயே அவரும் வருவதை விட்டுவிட்டார் என்றானாம். கடைக்குப் போய் மகன்மாரிடம் கேட்டால், வாப்பா வீட்டை விட்டு இறங்குவதில்லை என்றார்களாம். உடனே மாத்தளை பஸ் ஏறிவிட்டாராம். கட்டுகஸ்தோட்டையில் நெரிசல், அக்குறணையில் அதைவிட நெரிசல். அலவத்துகொடைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்ததாம். பாத்திரத்தில் நானா வீட்டு வட்டிலப்பம்.

"ஏன் போன் எடுக்கேல்லை எண்டு கேட்டார்" என்றார் அப்பா. "நான் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?" என்றார் அம்மா.

"எல்லாத்தையும்."

டொக்டரிடமே பாதி விழுங்கிப் பாதி சொன்ன மனிதர். சொல்லி முடித்ததும் நானா எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாராம். அவருக்கும் இதே கரைச்சல், அப்பாவுக்கு வருவதற்கு முன்பிருந்தேயாம். வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியுமாம். பஸ்ஸில் ஒருநாள் இருக்கை நனைந்துவிட, அன்றோடு வரவை நிறுத்திவிட்டாராம். அப்பா தொலைபேசியை எடுக்காததைப் பார்த்து, வாங்கில் இருக்கும்போது மணம் பிடித்துத்தான் ஒதுங்கிவிட்டார் என்று நினைத்தாராம்.

"என்னைப் பாத்து அருவருத்துப் போட்டீங்க எண்டு நினைச்சன் எண்டு சொல்லுறார் பிள்ளை" என்றார் அப்பா. "அவருக்கும் ஒண்டு செய்து தா. கொஞ்சம் பெரிசா வேணும், ஆள் மொத்தமான உடம்பு."

அம்மா அலுமாரியைத் திறந்து வேட்டி தேடத் தொடங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஆய்வுக்காரியின் குரலை எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் தாங்கியது, பஸ் குலுக்கலில் ஏதாவது தெரிந்ததா, இருக்கையில் இருந்து எழும்பும்போது பாரமாக இருந்ததா, எந்த இடத்தில் ஈரம் உணர்ந்தீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அப்பா என்னை விளங்காமல் பார்த்தார்.

"நான் அதைப் பாக்கேல்லையே பிள்ளை" என்றார். "கட்டியிருக்கிறன் எண்டதே, நானாவுக்குச் சொல்லேக்கைதான் ஞாபகம் வந்தது."